நாலாவது தோள்

அப்துல் ஸமட்டுக்கு வலது தோள் விடியலிலிருந்தே எரிந்தது. கழுத்தடியில் கோழிமுட்டை அளவில் இறுகிப்போன ஒரு கட்டு. கல்முனை அரிசி ஆலையில் இருபத்தாறு வருஷம் நாட்டாமை என்ற சுமைகூலியாய் நின்று நெல்மூட்டை சுமந்த தோள் அது. ஆலையை மூடினார்கள், அவர் வேன் ஓட்டப் போனார், கட்டு மட்டும் போகவில்லை. தைலம் பூசினால் வேனுக்குள் மணக்கிறது என்று டிலக்சன் முகத்தைச் சுளிப்பான். அதனால் இன்றைக்குத் தைலமும் இல்லை.

டிலக்சன் வழிகாட்டி. கழுத்தில் அட்டை, கையில் சின்ன ஒலிபெருக்கி. அறுகம்பையில் தங்கியிருந்த ஆறு வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு திருக்கோவிலுக்கு ஆடி அமாவாசை காட்ட வந்திருந்தான். தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து, கடலில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். ‘இறந்தவர்களோடு ஒரு காலை’ என்று அவன் விளம்பரம் போட்டிருந்தான். பின்னேரம் மருதமுனையில் நெசவு. இடையில் சோறு.

கோயிலுக்கு அரைக் கட்டை தூரத்திலேயே வேனை மறித்துவிட்டார்கள். மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். ஸமட் இறங்கினார், ஏறினார், திரும்ப இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். கொஞ்ச நேரத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டார். வேனைச் சுற்றி எத்தனை தரம் நடந்தார் என்று அவருக்கே தெரியாது.

பக்கத்தில்தான் தம்பிலுவில். தம்பிலுவில் சனம் முழுக்க இன்று இந்தக் கரையில்தான் நிற்கும். நல்லரெத்தினத்தின் மகன் கிசோக்கும் நிற்பான். தகப்பன் செத்துப் பதினெட்டு மாதம், ஆண்டுத்திவசம் முடிந்து மகனுக்கு இது முதல் ஆடி அமாவாசை. தாய் அன்னப்பிள்ளையும் வராமல் இருக்கமாட்டாள். அவர்கள் கண்ணில் படாமல் ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது ஸமட்டுக்கு.

ஆலையில் நல்லரெத்தினமும் அவரும் சோடி. ஒருவன் மூட்டையைக் கிளப்பிவிட மற்றவன் தோளில் வாங்குவான். தொண்ணூறாம் ஆண்டு ஸமட்டின் வாப்பா மௌத்தானபோது, தமிழன் ஊருக்குள் முஸ்லிமாகிய சோனகனும் சோனகன் ஊருக்குள் தமிழனும் கால் வைக்கப் பயந்த நேரம். இளந்தாரிகள் எல்லாரும் ஊரை விட்டு ஓடியிருந்தார்கள். ஜனாஸாப் பெட்டியைத் தூக்க மூன்று பேர்தான் மிச்சம். நல்லரெத்தினம் கடற்கரை மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நாலாவது மூலைக்குத் தோளைக் கொடுத்தான். யாரோ முணுமுணுத்தார்கள். “இப்ப தேவை தோளா, கலிமாவா?” என்று பள்ளி மோதினார் கேட்டபிறகு முணுமுணுப்பு நின்றது. அடக்குகிற மையவாடி வரைக்கும் நல்லரெத்தினம் தோள் மாற்றவே இல்லை.

அவன் செத்த செய்தி வந்தபோது ஸமட் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஆள் இறக்கிக்கொண்டிருந்தார். உடனே திரும்பியிருந்தால் பிரேதப் பெட்டி எடுக்கும் நேரத்துக்கு வந்திருக்கலாம். ஆனால் மறுநாள் வாடகைக்கு ஆள் ஏற்றித் திரும்பிவர ஒரு ஹயர் சொல்லியிருந்தார்கள். வெறும் வேனை ஓட்டிவர மனம் வரவில்லை. சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார். பிறகு நாளைக்குப் போவம், வெள்ளிக்கிழமை போவம் என்று தள்ளித் தள்ளிப் போக முகமில்லாமல் ஆயிற்று.

போன் அடித்தது. அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற டிலக்சன்.

“காக்கா, தண்ணிப் போத்தல் பெட்டி ஒண்டு பந்தலுக்குக் கொண்டாங்க.”

“அங்க நிக்கிற ஆரையும் அனுப்பன்.”

“எல்லாரும் கடலுக்க நிக்கிறாங்க காக்கா. என்ன, உங்களுக்குப் பெட்டி தூக்கத் தெரியாதா?”

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஸமட் பெட்டியை இடது தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

தறப்பாள் பந்தலுக்குள் பிளாஸ்டிக் கதிரைகள். வெள்ளைக்காரர் ஆறு பேரும் வட்டமாக இருந்தார்கள். நீலத்தொப்பி போட்ட பெண், அமாவாசை விரதத்துக்குச் சமைக்கிற காத்தோட்டிக்காயைப் பச்சையாகக் கடித்துவிட்டு, கசப்பைத் துப்ப வெட்கப்பட்டு வாயிலேயே வைத்திருந்தாள். நடுக் கதிரையில் அன்னப்பிள்ளை. புருசனைப் பற்றிக் கதை சொல்ல டிலக்சன் ஒழுங்குபண்ணிய விதவை இவள்தான் என்று ஸமட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பிப் போக ஏலாது. தோளில் பெட்டி.

நீலத்தொப்பிக்காரி ஏதோ கேட்டாள். டிலக்சன் தமிழில் சொன்னான்: “அம்மா, ஐயாட பெட்டிய ஆரு தூக்கின எண்டு கேக்கிறா.”

அன்னப்பிள்ளை விரலை மடித்தாள். “முன்னுக்கு என்ட மகன் கிசோக். மற்றப் பக்கம் என்ட தம்பி. பின்னுக்கு மச்சான்ட மகன்.” நாலாவது விரலில் நின்றாள். பந்தற்காலடியில் பெட்டியோடு நின்றவரைக் கண்டுவிட்டாள். கொஞ்சம் பார்த்தாள்.

“நாலாவது, மில்லுல அவரோட சோடியா நிண்ட சோனகர். கல்முனையிலிருந்து வந்து தூக்கினவர். இஞ்ச நிக்கிறாரே, இவர்தான்.”

டிலக்சனுக்கு முகம் மலர்ந்தது. இப்படி ஒன்று வாய்க்குமென்று அவன் நினைத்திருக்கவில்லை. ஒலிபெருக்கியில் சொன்னான். ஆறு பேரும் எழும்பினார்கள். ஒருவன் பெட்டியை இறக்கி வைத்தான். டிலக்சன் ஸமட்டின் கொலரை விலக்கிக் கட்டைக் காட்டினான். படம் எடுத்தார்கள்.

“தம்பி, நான் போகல்ல எண்டு சொல்லு. தூக்கினது நான் இல்ல.”

டிலக்சன் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னான். நீலத்தொப்பிக்காரி கண்ணைத் துடைத்தாள்.

“என்னடா சொன்ன?”

“நீங்க செஞ்சது பெரிய விசயமே இல்ல எண்டு சொல்றீங்க எண்டு சொன்னன்.”

“நான் சொன்னது அது இல்ல.”

“தெரியும் காக்கா. வாற வருசமும் இந்த டூர் ஓட வேணாமா? தண்ணியக் குடுங்க.”

ஸமட் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டி, “மீ நோ கோ” என்றார். வேன் இப்போதைக்குப் புறப்படாது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் அவருடைய கையைக் குலுக்கி, “ஓகே, நோ ஹரி” என்றான். டிலக்சன் ஆறு பேரையும் கடல் பார்க்கக் கூட்டிப் போனான்.

“ஏன் அக்கா பொய் சொன்னீங்க?”

“மூணு பேர் எண்டு சொல்லேலுமா? பெட்டி சரிஞ்சிருமே.” அவள் சேலைத் தலைப்பால் முகத்தை விசிறினாள்.

“என்ன நாலு பேருக்கு முன்னால ஏசியிருக்கலாம்.”

“ஏசினா உங்களுக்கா குறை? சோடியா நிண்டவனே வரல்ல எண்டா, செத்தவன் என்ன மனிசனா இருந்திருப்பான் எண்டுதான் அவங்க நினைப்பாங்க. அவருக்குக் குறை வைக்க எனக்கு ஏலா.”

“உண்மையா ஆரு தூக்கின?”

“பெட்டி கொண்டந்த வாகனத்துட றைவர். பேரும் தெரியா, ஊரும் தெரியா. ஆள் காணாது எண்டதும் சேட்டக் கழட்டி வச்சிட்டு வந்து தூக்கினான். அவனுக்கும் அடுத்த ஹயர் இருந்திருக்கும்.”

ஸமட் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சிருங்க அக்கா.”

“என்னட்ட ஏன் கேக்கிறீங்க? எனக்கா நீங்க தோள் தர இருந்த?”

கிசோக் நனைந்த வேட்டியோடு கடலிலிருந்து வந்தான். ஒலுவில் துறைமுகத்தில் மீன்பெட்டி ஏற்றுகிறவன், முப்பது வயதுக்காரன். ஸமட்டைப் பார்த்தான். கோபமா என்று முகத்தில் பிடிபடவில்லை. ஸமட் ஒரு போத்தலை நீட்டினார்.

“விரதம் மாமா. வேணா.”

வெள்ளைக்காரர் எடுத்தது போக மிச்சப் பெட்டியைத் தூக்க ஸமட் குனிந்தார். தோள் வெட்டி இழுத்தது. கிசோக் வந்து பெட்டியைப் பறித்தெடுத்தான்.

“விடு மகன், நான் தூக்கிறன்.”

“உங்களுக்கு நோகுதே.”

முன்னால் நடந்தான். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவன். வேன் நின்ற இடத்துக்கு அரைக் கட்டை தூரம், கால் புதையும் மணல். ஸமட் பின்னால் வெறுங்கையோடு நடந்தார். அவன் எங்கே தோள் மாற்றுவான், அங்கே கைகொடுப்போம் என்று பார்த்துக்கொண்டே வந்தார். அவன் மாற்றவில்லை. பெட்டியை வேனுக்குள் வைத்துவிட்டு, தாயிடம் திரும்பிப் போனான்.

டிலக்சன் ஆட்களை ஏற்றிக்கொண்டு, “எடுங்க காக்கா, நேரம் போயிற்று” என்றான். ஸமட் வேனை வடக்கே திருப்பினார். ஸ்டியரிங்கை வளைக்கும்போதெல்லாம் கட்டு எரிந்தது. பின்சீட்டில் அவருடைய படத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

நல்லரெத்தினத்துக்கு அப்துல் ஸமட் ஒரு தோள் கடன். அது இன்னும் கொடுபடவில்லை.