ஆறு வாரத் தள்ளுபடி

துணிக்கடை வைத்திருந்த காலத்தில் சந்தையில் அவருக்குப் ‘பாதிவிலை’ என்று பெயர். எதிராளி என்ன சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினால் ஐந்து நாளைக்கு வாங்கிவருகிற ஆள்.

கடையை மூடி நான்கு வருடமாகிறது. இப்போது அவருக்கு ஒரே வேலைதான்: அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளியலறைக்குச் சுமப்பது. மனைவிக்கு எலும்புக்குள் நோய் ஊறிவிட்டது. மாத்திரைக்கு அடங்காத வலி, முதுகில் சூடாகத் தண்ணீர் விழுந்தால் அரைமணி நேரம் அடங்கும். அந்த அரைமணியில்தான் அவள் பழைய ஆளாக இருப்பாள். அவருடைய தொந்தியைக் கிண்டல் செய்வாள். அவருக்கு ஒரு நாள் என்பதே இப்போது அந்த அரைமணிதான்.

ஆனால் சமையலறை வீட்டின் முன்பக்கம், குளியலறை பின்பக்கம். முட்டி தேய்ந்த மனிதர் ஒரு நடைக்கு அரைக் குடம்தான் தூக்க முடியும். நாலாவது நடை வந்து சேர்வதற்குள் முதல் நடைத் தண்ணீர் ஆறிப்போயிருக்கும். கரண்ட் ஹீட்டர் போடலாம் என்றால் வயரிங் அவரைவிட மூத்தது. பெரிதாக எதைச் சொருகினாலும் வீடே இருட்டாகிவிடும். சுவரை உடைத்து மாற்றவேண்டும் என்றார் எலெக்ட்ரீஷியன். அந்தத் தூசியில் அவள் இருமியே போய்விடுவாள்.

போன மாதம் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “இனி வருஷக் கணக்கெல்லாம் வேண்டாம். மாசக் கணக்குல யோசிங்க” என்றார்.

வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் ஏற்றிக் கேட்டார். “கொஞ்சம் சேர்த்துச் சொல்லக்கூடாதா டாக்டர்?”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் சோலார்க்காரரை வரவழைத்தார். நாற்பது வயது இருக்கும், வியாபாரப் பேச்சு பழகிய மனிதர். மாடிக்குப் போய் வெயில் விழும் பக்கத்தைப் பார்த்தார், பக்கத்துக் கட்டடத்தின் நிழலை அளந்தார், குழாயைத் தட்டினார். கீழே வந்து கூடத்தில் உட்கார்ந்தார். ஜன்னலோரக் கட்டிலில் அவள் படுத்திருந்தாள்.

“சுவரை உடைக்கவே வேண்டாம் சார். வெளியால குழாயை இறக்கி, பாத்ரூம் ஜன்னல் வழியா உள்ள விட்டுடலாம். மழை நாள்ல சூடு கொஞ்சம் குறையும், பொய் சொல்லமாட்டேன். மத்த நாள்ல கை வைக்க முடியாது. குடோன்ல ஒரே ஒரு செட்டு ரெடியா இருக்கு. சொல்லுங்க, நாளைக்கே மாட்டிடலாம்.”

நாளைக்கே என்ற வார்த்தை அவர் வயிற்றில் வெந்நீராக இறங்கியது. ஆனால் சோலார்க்காரர் விலையைச் சொன்னதும் நாற்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

“நாளைக்கா? எங்களுக்கு என்னங்க அவசரம்?” என்றார். தொண்டையை ஒருதரம் கனைத்தார்.

அந்தக் கனைப்பு அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. கடைக்கு மொத்தச் சரக்கு எடுக்கும்போதெல்லாம் அவள் பக்கத்தில் இருப்பாள். அவர் கனைத்தால் அவள் ‘வேண்டாம்’ என்று சொல்லவேண்டும், விற்கிறவன் இறங்குவான். நிஜமாகவே சரக்கு பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் பேசமாட்டாள், எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்த நாடகத்தில் மில்காரர்களே கவிழ்ந்திருக்கிறார்கள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “வேண்டாங்க. நமக்கு எதுக்கு இதெல்லாம்?”

அவருக்கு உள்ளுக்குள் பூரித்துவிட்டது. எத்தனை வருடத்துக்கு அப்புறம்!

“என்னம்மா இப்படிச் சொல்றீங்க? கேஸ் மிச்சமாகுற கணக்குலயே ஆறு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும். அதுக்கு மேல வர்றதெல்லாம் ஓசி வெந்நீர்!”

“ஆறு வருஷம் கழிச்சு யாருங்க குளிக்கப்போறா?” என்றாள் அவள். குரலில் ஒரு சுருக்கமும் இல்லை.

சோலார்க்காரரின் முகம் விழுந்தது. அடடா, என்ன போடு போடுகிறாள் என்று அவள் கணவர் நினைத்தார். ஆள் கட்டிலில் கிடந்தாலும் கைவரிசை போகவில்லை.

“நீங்களே கேட்டுக்கிட்டீங்க. வீட்டுக்காரம்மா மனசு வைக்கல” என்று எழுந்துகொள்கிற மாதிரி இடுப்பை அசைத்தார்.

“இருங்க சார், இருங்க. அவசரம் இல்லைன்னீங்கல்ல? அப்ப ஒண்ணு பண்ணலாம். இந்த செட்டை வேற ஆளுக்குத் தள்ளிடறேன். அடுத்த லோடு ஆறு வாரத்துல வருது, அதுல உங்களுக்கு ஒண்ணு. முன்பதிவுன்னு நல்லாக் குறைச்சுத் தர்றேன். இதுக்கு மேல கேட்டா என் சட்டையைத்தான் கழட்டணும்.”

“சட்டை பழசா இருக்கே” என்றார் அவர். மேற்கொண்டும் ஒரு பிடி குறைத்தார். சோலார்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கு ஓடினார். அவர் ஓடியது என்பதே ஒரு சேதிதான்.

“எப்படி? கால்வாசிக்கு மேல குறைச்சாச்சு! நீ ‘யாரு குளிக்கப்போறா’ன்னு கேட்ட பாரு, ஆளு அப்படியே சுருண்டுட்டான். என்னமா நடிக்கிற நீ!”

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் நடிக்கலீங்க” என்றாள்.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நெசமாத்தான் சொன்னேன். எந்திரிச்சு உள்ள போகணும்னு பார்த்தேன், எங்க போறது? ஆறு வாரம்னு அவன் சொன்னான், நீங்களும் சரின்னு தலையாட்டுனீங்க. அப்பவே தெரிஞ்சிடுச்சு, உங்களுக்கு இன்னும் கணக்குப் புரியலைன்னு.”

“உனக்கு யாரு சொன்னா? டாக்டரா?”

“டாக்டர் எதுக்கு? நீங்க பத்து நாளைக்கு எழுதுன மாத்திரையைப் பத்து நாளைக்கே வாங்கிட்டு வர ஆரம்பிச்சீங்களே.”

ஆறு வாரம். டாக்டரிடம் கூட்டிக் கேட்ட நாட்களிலிருந்து நாற்பத்திரண்டு நாளைத் தானே எடுத்து, ஒரு தள்ளுபடிக்காகத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறார். அதுவும் சிரித்துக்கொண்டே.

சட்டைப்பையைத் தடவிப் போனை எடுத்தார்.

“தம்பி, நான்தான். அந்த ரெடியா இருக்குற செட்டையே மாட்டுங்க. முதல்ல சொன்ன விலையே தர்றேன். முழுசா.”

மறுமுனையில் சிரிப்பு. “சார், இது என்ன புது வித்தை? நீங்க முழு விலை தர்றதா? எதுக்கு அடிபோடுறீங்கன்னு எனக்குப் புரியலையே!”

“வித்தை இல்ல தம்பி. மேல வேணாலும் தர்றேன்.”

சிரிப்பு நின்றது. மேலே தருகிறேன் என்பதை அந்த வாயிலிருந்து கேட்டதும் சோலார்க்காரருக்கு விஷயம் உறைத்திருக்கவேண்டும்.

“முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். உங்க வீட்டை விட்டு இறங்குனதும் பக்கத்துத் தெருவுல ஒருத்தருக்குப் பேசி அனுப்பிட்டேன். குடோன்லருந்து வண்டி கிளம்பிடுச்சு. அவரு விலையே கேக்கல சார். வீட்டுல பச்சைக் குழந்தை, சீக்கிரம் வேணும்னு மட்டும் சொன்னாரு.”

அவர் இன்னும் மூன்று இடங்களுக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் சரக்கு அதே லோடில்தான் வருகிறதாம். மூன்றாவது ஆளிடம் ஏறக்குறைய அழுதார். அந்த ஆள், “ஒண்ணரை மாசம் பொறுக்க முடியாதாங்க?” என்று கேட்டான்.

சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தார். அரைக் குடம், அரைக் குடமாக நாலு நடை. மூன்றாவது நடையில் முட்டி மடங்கிப் பாதித் தண்ணீர் வழியிலேயே கொட்டிப்போயிற்று. அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய் உட்காரவைத்து, முதுகில் ஒரு சொம்பு ஊற்றினார்.

“சூடு போதுமா?”

“நல்லாப் பதமா இருக்குங்க” என்றாள் அவள். “ஊத்துங்க.”

அவர் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். தண்ணீர் எப்போதோ ஆறிப்போயிருந்தது. அவள் தோளெல்லாம் புல்லரித்துக்கிடந்தது. இந்தத் தடவை அவள் நடிப்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினார்.