காலிக் கட்டம்

டெல்லிக்குப் போன மூன்றாம் வருஷம், 1987 கோடையில், அர்ஜுனன் திருவண்ணாமலை நிலத்தடி நீர் அலுவலகத்தைப் பார்வையிட வந்தான். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டுத் திரையின் நெற்றியில் சந்தனம் அப்பியிருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

டெல்லிக்கு முன் பத்து வருஷம் மெட்ராஸில் ஆராய்ச்சி. கிணறுகள் எந்த வருஷம் வற்றும் என்று கணித்துச் சொல்லும் புரோகிராம் அவன் எழுதியது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்கா மணியம்மாள் அமாவாசைக்கு அமாவாசை கிணற்றில் முடிச்சுக் கயிற்றை விட்டு அளந்து கார்டில் எழுதிப் போடுவாள். கணிப்பு பலித்தது. ஒரு நாய்கூடச் சீந்தவில்லை. உத்தரவு போடுகிற இடத்தில் உட்கார்ந்தால்தான் காது கொடுப்பார்கள் என்று டெல்லியில் கம்ப்யூட்டர் கொள்கைக் குழுவுக்குப் போனான். அங்கே அவன் எழுதிய முதல் விதி: படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் ஏற்கக் கூடாது.

இப்போது கையிலிருந்த கம்ப்யூட்டர் தாளில் கீழ்பென்னாத்தூர்க் கிணறு எல்லாவற்றிலும் பதினெட்டு அடிக்குக் குறையாமல் தண்ணீர். காலையில்தான் அக்காவின் கிணற்றை எட்டிப் பார்த்தான். வெடித்த சேறும் செத்த தவளைகளும்தான் கிடந்தன.

"யார் எழுதினது இது?"

"நான்தாங்க சார்," என்றார் கிளார்க் கோதண்டராமன், பெருமையாக. "கெணறு வறண்டுடுச்சின்னு காலியா வுட்டேன், மிஷின் எடுக்கல. பூஜ்யம் போட்டா மேலேர்ந்து விளக்கம் கேக்கறாங்க. அதான் போன வருஷத்து அளவையே போட்டுட்டேன். உங்க விதிப்படி ஒரு கட்டம் காலி இல்லீங்க."

"தண்ணி லாரி அனுப்பினீங்களா?"

"தண்ணி ஜாஸ்தின்னு மிஷினே சொல்லுதே சார். எதுக்குங்க?"

அதிகாரி மூர்த்தி சான்றிதழை முன்னால் தள்ளினார். ஆய்வு செய்தேன், விவரங்கள் சரி என்று டைப் அடித்திருந்தது. "தப்புன்னு எழுதினீங்கன்னா திட்டமே நின்னுடும் சார். உங்க திட்டம்."

அர்ஜுனனுக்கு அருவருப்பாக இருந்தது. கோதண்டராமன்மேல் இல்லை. மறுபடி யாரும் கேட்காத அந்த ஆராய்ச்சி அறைக்குப் போக வேண்டுமே என்று தனக்குள்ளே நடுங்கிய பயல்மேல்தான். அடுத்த வருஷம் திருத்திக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானமே நாறியது. கையெழுத்துப் போட்டான்.

வெளியே பெஞ்சில் லாரி கேட்டு எழுதிய மனுவோடு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா, சொன்னியா?"

"பார்க்கறேன்னாங்க, அக்கா."

"நீ சொன்னா கேப்பாங்க. அதுக்குத்தானே அங்க போனே." கூஜாவை நீட்டினாள். "மூஞ்சி வாடிப்போச்சு, குடி. மூணு மைல் நடந்து போய் எடுத்தாந்த தண்ணி."

அர்ஜுனன் வாங்கி, முழுவதையும் குடித்தான்.