இளைப்பில்லாத குரல்

“இப்ப புது செட்ல பேசறேன். கேக்குதா, எழிலு? ஓவர்.”

எழிலரசி பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் நின்றாள். வலது கையில் புது டிஜிட்டல் வாக்கி டாக்கி, இடது கையில் பழைய அனலாக். இரண்டுக்கும் ஜோடிகள், பின்னாலிருந்த குடியிருப்பின் மூன்றாவது மாடியில், அப்பாவின் கட்டில்மேல் கிடந்தன. புது ஜோடியை அப்பாவின் நண்பர் நூர் முகமது மதியம்தான் கொண்டுவந்து கொடுத்தார். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம்.

“சுத்தமா கேக்குதுப்பா. ஓவர்.”

“இப்ப பழசு.”

பழையதில் முதலில் வந்தது ஆக்ஸிஜன் இயந்திரத்தின் முனகல். அப்புறம் இளைப்பு. அதற்கும் அப்புறம்தான் அப்பா.

“எங்க... கீற?”

“படகுத்துறைகிட்ட. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுப் பேசுங்க.”

“பாத்தியா. நீயும்... ஆரம்பிச்சிட்ட.”

அப்பா ராஜசேகரன் காலைதோறும் ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலியில் நண்பர்களோடு பேசுகிறவர். மகளையும் பரீட்சை எழுதவைத்து லைசன்ஸ் வாங்கச் செய்தவர். இப்போதெல்லாம் அவர் விசையை அழுத்தியதுமே, இளைப்பைக் கேட்டு மற்றவர்கள் பேச்சு அடங்கிவிடுகிறது. “ரெஸ்ட் எடுங்க சார்” என்று ஆளாளுக்கு அவரை வழியனுப்புகிறார்கள். டிஜிட்டல், குரலை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் இருக்கும் சத்தத்தை அமுக்கிவிடும் என்று நூர் முகமது சொன்னதிலிருந்து அப்பாவுக்கு வேறு நினைப்பில்லை. ஆஸ்பத்திரி போதும் என்று வீட்டுக்கு வந்தவர் கேட்ட ஒரே பொருள் அதுதான். எதுவரை கேட்கிறது என்று எழிலரசி நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனிமேல் பக்கத்திலேயே இருங்கள் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை அப்பாவிடம் சொல்லாமல் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

“அம்மா கஞ்சி காச்சறா,” என்றது புதுசு. “அதுக்கு... ஆஸ்பத்திரி உப்புமாவே தேவலாம். ஓவர்.”

சிரித்துவிட்டாள். நடுநடுவே பேச்சு நின்றது. ஆனால் நின்ற இடத்தில் இளைப்பு இல்லை; யோசித்து யோசித்துப் பேசுகிறவரைப் போலிருந்தார். தூரம் போகப் போக அப்பாவுக்குக் குணமாகிக்கொண்டு வருகிறது என்று யாராவது சொன்னால் அந்த நேரத்தில் நம்பியிருப்பாள். கால்கள் தாமாகவே வேகம் பிடித்தன. பழையதைக் காதுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை.

“பழசுல எப்டி?”

“கேட்டேன்பா. ஒரே இரைச்சல்.”

“இன்னாத்த கேட்ட? நான் இன்னும் அமுக்கவே இல்லியே.”

அவள் நடையை நிறுத்தினாள்.

“ஏமாத்தாத எழிலு. ரெண்டையும் கேட்டு... நீதான் சொல்லணும். இப்ப பழச அமுக்கறேன். ஓவர்.”

பழையதை எடுத்துக் காதில் வைத்தாள். தூரத்து இரைச்சலுக்கு அடியில் இயந்திரத்தின் முனகல் வந்தது. அதன்மேல் இளைப்போ பேச்சோ எதுவும் வரவில்லை.

காத்திருந்தாள். ஒலியைக் கூட்டினாள். காது மாற்றி வைத்தாள். முனகல் நிற்கவில்லை; விசை அழுத்தப்பட்டே இருந்தது. நடைப்பயிற்சிக்காரர்கள் இருவர் ஏதோ சண்டையை ரசித்துப் பேசிக்கொண்டே கடந்து போனார்கள்.

தட்டு வைக்கும் சத்தம். அப்புறம் அம்மா சரசாவின் குரல், எட்டத்திலிருந்து: “ஏங்க, ஆறிடும். எழுந்து உக்காருங்க.”

அப்பா விசையை விடாதவரை பழையதில் இவள் பேச முடியாது. புதியதை அழுத்தினாள்.

“அப்பா, கேக்குதா?”

ஒரு கணம் கழித்து அவளுடைய குரலே அந்த அறைக்குள்ளிருந்து, பழைய செட் வழியாக, அவள் காதுக்குத் திரும்பி வந்தது. அப்பா, கேக்குதா.

“அப்பா தூங்கறாருடி,” என்றாள் அம்மா. “மெதுவா பேசு.”

எழிலரசி பழையதைக் காதோடு அழுத்திக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். வீடு நெருங்க நெருங்க இரைச்சல் குறைந்து, இயந்திரத்தின் முனகல் மட்டும் தெளிவாகிக்கொண்டே வந்தது.