பத்திரமாக இருந்த பன்னிரண்டு நாட்கள்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மேலாளருக்கு இருந்த ஒரே தகுதி, கூடத்தை நடத்தும் டாக்டருடைய மனைவியின் தம்பி என்பது. அந்தத் தகுதியை யாராலும் பறிக்க முடியாது என்பதால் கணினி உட்பட எல்லாவற்றிலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

எதையும் அழிக்கக் கூடாது என்பது முதல் சட்டம். தினமும் சாயங்காலம் கணினி முழுவதும் தானாகவே பேக்கப் ஆகும்படி அவரே தன் திருக்கரத்தால் அமைத்திருந்தார். அந்த பேக்கப் போய் உட்கார்ந்ததும் அதே கணினியின் அதே டிஸ்க்கில்தான். நேற்றைய பேக்கப்பையும் இன்றைய பேக்கப் சேர்த்து விழுங்கியது.

ரிப்போர்ட் தட்டச்சு செய்பவரை எல்லோரும் அக்கா என்பார்கள். இடம் தீர்கிறது என்று திரையில் எச்சரிக்கை வருவதை அவர் மூன்று முறை சொன்னார். முதல் முறை, அந்தப் பெட்டியை எப்படி மூடுவது என்று மேலாளர் பெருந்தன்மையோடு கற்றுக்கொடுத்தார். இரண்டாம் முறை, டிஸ்க் விற்பவர்களின் தந்திரம் அது என்றார். மூன்றாம் முறை, உனக்கு வேலை இல்லையா என்று கேட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை கணினி ரிப்போர்ட்டைச் சேமிக்க மாட்டேன் என்றது. வெளியே வெறும் வயிற்றோடு பதினைந்து பேர் காத்திருந்தார்கள். பழைய பேக்கப்புகளை அழித்தால் போதும் என்றார் அக்கா. மேலாளர் பதறிப்போனார்.

"பேக்கப்புல கை வைக்காதம்மா. அதுதான் நம்ம உயிரு."

உயிரைக் காப்பாற்ற அவர் உடலை வெட்டினார். இந்த வருடத்து ரிப்போர்ட்டுகள் எல்லாம்தான் பேக்கப்பில் இருக்கின்றனவே என்று அசல் கோப்புறையை அழித்தார். குப்பைத்தொட்டியையும் சுத்தமாகக் காலி செய்தார். அடுத்து டெம்ப் என்ற கோப்புறையைக் கண்டு, இந்தக் குப்பை எதுக்கு என்று மௌஸை நகர்த்தினார். அக்கா அதைப் பிடுங்காத குறையாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இடம் கிடைத்துவிட்டதே, இது போதும் என்றார். மேலாளர் வெற்றியோடு டீ குடிக்கப் போனார்.

பத்து மணிக்கு ஒரு பெரியவர் போன வாரத்து ரிப்போர்ட்டைக் கேட்டார். அக்கா பேக்கப்பைத் திறந்தார். கடைசிப் பன்னிரண்டு நாட்களின் கோப்புறைகளில் தேதி மட்டும் அழகாக இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. சின்ன ரிப்போர்ட்டுகள் எப்படியோ டிஸ்க்கில் நுழைந்திருந்தன. பெரிய பேக்கப்புக்கோ பன்னிரண்டு நாளுக்கு முன்பே இடமில்லாமல் போயிருந்தது.

அக்கா டெம்ப் கோப்புறையைத் திறந்தார். அச்செடுக்கும்போதெல்லாம் ரிப்போர்ட் மென்பொருள் அதில் ஒரு நகலைப் போட்டுவிட்டுப் போவதை அவர் முன்பே கவனித்திருந்தார். ஒவ்வொன்றாகத் திறந்து, பெயர் போட்டு, மூன்று மணி நேரத்தில் நூற்று நாற்பத்து மூன்று ரிப்போர்ட்டுகளை மீட்டார். அந்தப் பெரியவருடையது முதலிலேயே கிடைத்தது. மற்ற மாதங்கள் பழைய பேக்கப்பில் முழுசாக இருந்தன.

மதியம் டாக்டர் வந்தார். "நல்ல வேளை, நான் பேக்கப் வச்சிருந்தேன் மாமா" என்றார் மேலாளர்.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். நடந்ததை அக்கா கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். தனியாக ஒரு வெளி டிஸ்க் வேண்டும், கடைசி ஏழு நாள் பேக்கப் போதும், பழையதை அழிக்க வேண்டும் என்றார்.

"அழிம்மா. மாப்பிள்ளை, நீ இனிமே கம்ப்யூட்டர் பக்கம் போகாத" என்றார் டாக்டர்.

வெளி டிஸ்க் வந்து, ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதில் ஏறியதைத் திறந்து பார்த்த பிறகுதான் அக்கா அழிக்கத் தொடங்கினார். அழிந்து முடிய நாற்பது நிமிடம் ஆனது. மேலாளர் பக்கத்து நாற்காலியில் யாரோ போய்விட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சோற்றை நிதானமாகச் சாப்பிட்டார்.