சொல்லாமல் விட்ட செய்தி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஹெரன் விரிகுடா ஊரின் வானொலி நிலையம் என்பது தபால் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு சின்ன அறைதான். அதில் பதினேழு வயது கோரா இரண்டு தாள்களைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு தாளில், ஆழ்கடலில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட வெளிர்நிற ஆக்டோபஸ் ஒன்றைப் பற்றிய செய்தி. இன்னொரு தாளில் அவளே எழுதிய நான்கு வரிகள். 'இன்று யாரும் மட்டி தோண்ட வேண்டாம்' என்று அது தொடங்கியது.

வாரம் பத்து நிமிடம் 'கடல் சேதி' என்ற நிகழ்ச்சியை அவள் நடத்தி வந்தாள். சம்பளம் கிடையாது. கேட்டு வாங்கிய வேலை. திமிங்கிலம், பவளம், பனிப்பாறை என்று உலகத்தில் எந்த மூலையில் யார் எதைக் கண்டுபிடித்தாலும் அவளுக்கு அன்று சோறு இறங்காது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படகுத்துறையில் சல்லடை வலையை இறக்கி நீரெடுத்து, பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்தும் வைப்பாள்.

இந்த வியாழக்கிழமை அப்படிப் பார்த்தபோதுதான் அவள் அதைக் கண்டாள். உருண்டை உருண்டையாக, இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் சங்கிலி போலக் கோத்துக்கொண்டு ஓடிய நுண்பாசிகள். ஒரு சொட்டில் ஒன்றிரண்டு இருந்தாலே பயப்பட வேண்டிய ஜாதி. இவளால் எண்ணி முடியவில்லை. அந்தப் பாசியைத் தின்ற மட்டிச் சிப்பியில் நஞ்சு ஏறும். வேகவைத்தாலும் போகாது. நிறத்தில் தெரியாது, ருசியில் தெரியாது. தின்றவருக்கு உதடு மரக்கும், பிறகு கை கால் மரக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். மாற்று மருந்து இல்லை.

அவள் அன்றே கொஞ்சம் மட்டியைப் பொட்டலம் கட்டி நகரத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பப் போனாள். மூடுபனி இறங்கிவிட்டது. தபால் கொண்டுபோகும் நீர் விமானம் இரண்டு நாளாக வரவில்லை. பொட்டலம் துறையிலேயே கிடந்தது. இன்றைக்கோ, அந்த வசந்தத்திலேயே கடல் மிகவும் உள்வாங்கி, மட்டி இருக்கும் மணல் வெளியே தெரியும் நாள். முந்நூறு பேர் உள்ள ஊரில் பாதிப் பேர் வாளியும் மண்வெட்டியுமாகக் கரையில் நிற்பார்கள்.

"என்ன பிரளயம், இன்னிக்காவது கடல் மிச்சமிருக்கா? இல்ல, வத்திப் போச்சா?"

கேட்டவர் வால்ட். துறையில் எரிபொருள் நிரப்புவதும், வானொலியின் விசைகளைத் தட்டுவதும் அவர்தான். 'பிரளயம்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். போன வருடம் கோரா போனில் ஒரு தலைப்பை மட்டும் படித்துவிட்டு, 'இந்தக் கடலில் ஐந்தே வருடத்தில் சால்மன் மீனே இருக்காது' என்று வானொலியில் பதறினாள். முழுக் கட்டுரை வேறு ஏதோ தேசத்து ஆறு ஒன்றைப் பற்றியது. அந்தக் கோடையில் வலை கிழியும் அளவுக்குச் சால்மன் வந்தது. அன்றிலிருந்து கடைக்குப் போனால் சிரிப்பு, பள்ளிக்குப் போனால் சிரிப்பு.

"வால்ட், மட்டியைப் பத்தி ஒண்ணு சொல்லலாமான்னு…"

"ஐயோ, மட்டியும் அழியப் போகுதா? இரு இரு, நான் இன்னிக்கு ஒரு வாளி தோண்டிட்டு வந்துடறேன், அப்புறம் அழிக்கலாம்." அவர் வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் விடமாட்டார், அவ்வளவுதான். "சீக்கிரம் சொல்லு. என்ன படிக்கப் போற?"

கோராவின் முகம் சூடாகியது. சோதனை முடிவு இன்னும் வரவில்லை. ஒருவேளை மட்டியில் நஞ்சு ஏறியிருக்காது. இதுவும் தப்பாகப் போனால் இனி இந்த ஊரில் தலைநிமிர முடியாது. அவள் நான்கு வரித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள்.

"ஆக்டோபஸ்" என்றாள்.

எட்டரை மணிக்குக் கரை திருவிழாபோல இருந்தது. பனி மூட்டத்துக்குள் ஆட்கள் தெரியவில்லை. மண்வெட்டிச் சத்தமும் சிரிப்பும் மட்டும் கேட்டன. கோரா தன் மாமா டெல்பர்ட்டைத் தேடிப் போனாள். அவள் அம்மா மீன்பிடிக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனால் நான்கு மாதம் திரும்ப மாட்டாள். அந்த மாதங்களில் கோராவுக்கு வீடு என்றால் மாமாதான்.

"மாமா, இன்னிக்கு வேண்டாமே."

"ஏண்டி?"

"தண்ணில ஏதோ இருக்கற மாதிரி இருக்கு. இன்னும் உறுதியாத் தெரியல…"

"கறுப்பு மூக்கை வெட்டி எறிஞ்சிட்டுத்தான் தின்னப் போறேன். நாப்பது வருஷமாத் தின்னுட்டுதானே இருக்கேன், செத்தா போயிட்டேன்?" அவர் ஒரு மட்டியைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினார். "இந்தா பாரு, இது உன்னைப் பாத்து பயப்படுது."

பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். கோராவும் சிரித்து வைத்தாள். மட்டியின் கறுப்பு மூக்கு நுனியில்தான் நஞ்சு என்பது ஊர் நம்பிக்கை; அதை வெட்டினால் மட்டும் நஞ்சு போய்விடாது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஈர மணலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

டெல்பர்ட் அங்கேயே நெருப்பு மூட்டி, முதல் வாளியை வேகவைத்து, வெண்ணெயில் தோய்த்துத் தின்றார். மற்றவர்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். டெல்பர்ட் ஒன்றைக் கோராவிடம் நீட்டினார். அவள் பசியில்லை என்றாள்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். டெல்பர்ட் உதட்டைத் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"பல்லு புடுங்க ஊசி போட்ட மாதிரி இருக்குடி" என்றார். அவரே சிரிக்கப் பார்த்தார். பிறகு விரல்களை விரித்து விரித்து மடக்கினார். "விரலும் கூட…"

கோரா அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். அவள் அவரைத் தோளில் தாங்கி, பாறைகளுக்கு மேல் இழுத்துக்கொண்டு மருத்துவ நிலையத்துக்கு நடந்தாள். பாதி வழியில் அவர் கால் துவண்டது. வாசலுக்கு வரும்போது பேச்சு குழறியது.

அந்த ஊரில் மருத்துவர் இல்லை. லொரேன் என்ற சுகாதாரப் பணியாளர் மட்டும்தான். அவள் ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள்.

"என்ன தின்னாரு?"

"மட்டி. நிறைய."

லொரேன் தொலைபேசியில் ஹெலிகாப்டர் கேட்டாள். மூடுபனி விலகாமல் பறக்க முடியாது என்று பதில் வந்தது. எப்போது விலகும் என்று யாருக்கும் தெரியாது. அவள் போனை வைப்பதற்குள் டெல்பர்ட்டின் மார்பு ஏறி இறங்குவது நின்றுபோனது. கண் மட்டும் திறந்திருந்தது.

லொரேன் முகமூடியோடு சேர்ந்த ரப்பர்ப் பையை எடுத்தாள். "நான் மூக்கையும் வாயையும் காத்து போகாம அமுக்கிப் பிடிக்கிறேன். நீ பையை அமுக்கு. அஞ்சு எண்ணு, ஒரு அமுக்கு. விட்டுடாத. நீ நிறுத்தினா அவரு நின்னுடுவாரு."

கோரா அமுக்கினாள். மார்பு ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபடி அமுக்கினாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த வாளிகள் நினைவுக்கு வந்தன. ஊரில் முப்பது அடுப்பாவது இப்போது எரிந்துகொண்டிருக்கும்.

"லொரேன்க்கா, வயர்லெஸ்! அதை என் வாய்கிட்ட வையுங்க!"

எல்லா வீட்டிலும் படகிலும் எப்போதும் திறந்திருக்கும் வயர்லெஸ் அது. லொரேன் ஒரு கையால் அதை எட்டி எடுத்து அவள் முகத்தருகே பிடித்தாள்.

"எல்லாரும் கேளுங்க! யாரும் மட்டி தின்னாதீங்க! தின்னிருந்தா உடனே சொல்லுங்க!"

கரகரவென்று ஒரு ஆண்குரல் வந்தது. "யாரு, பிரளயமா? சாப்பிடற நேரத்துல ஆரம்பிச்சிட்டியா?"

"சிரிங்க. சிரிச்சுக்கிட்டே பானையைக் கீழே இறக்குங்க. டெல்பர்ட் மாமாவுக்கு மூச்சு நின்னு போச்சு. என் கைதான் இப்போ அவருக்கு மூச்சு. மட்டியில விஷம் இருக்கு!"

வயர்லெஸ் விடாமல் கரகரத்தது. பிறகு ஒவ்வொரு குரலாக வந்தது. இறக்கிட்டேன். கொட்டிட்டேன். இன்னும் தின்னல. ஒன்றிரண்டு தின்றுவிட்டதாக ஒரு கிழவர் அழும் குரலில் சொன்னார். ஒரு வீடு மட்டும் பேசவில்லை. வால்ட்டின் மகள் கிரெட்சென் வீடு. அங்கே நான்கு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள்.

"கிரெட்சென்! எடு!" வால்ட்டின் குரல் வயர்லெஸ்ஸில் உடைந்தது. "கிரெட்சென், எடும்மா!" பிறகு அவர் குரலும் நின்றுபோனது. துறையிலிருந்து மேட்டிலுள்ள மகள் வீட்டுக்கு ஓடத் தொடங்கியிருந்தார்.

கோராவுக்கு எண்ணிக்கை தவறியது. "எண்ணு!" என்று லொரேன் அதட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எந்தக் குழந்தை முதலில் தின்றிருக்கும் என்று மனம் கேட்டது. நான்கு, ஐந்து. அமுக்கினாள். குழந்தை உடம்புக்கு எத்தனை மட்டி போதும்? ஒன்று, இரண்டு. ஊரில் இருப்பது இந்த ஒரு பைதான்.

ஏழு நிமிடம் கழித்து வயர்லெஸ் பேசியது. வால்ட் மூச்சு வாங்கினார். பின்னால் குழந்தைகள் அழுதார்கள்.

"தின்னல. சூப்பு சூடுன்னு ஊதிக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க. நான் தட்டை எட்டி உதைச்சிட்டேன். கிரெட்சென் வயர்லெஸ்ஸை அணைச்சிட்டுச் சமைச்சிருக்கா, உப்பு பாக்க அவ மட்டும் ஒண்ணு தின்னிருக்கா. உதடு மரக்குதாம். அழைச்சிட்டு வரேன்."

கிரெட்சென் வந்தாள், கிழவரும் வந்தார். இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்து, தங்கள் மூச்சைத் தாங்களே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு. ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"அவருக்குக் காது கேக்கும்" என்றாள் லொரேன். "உடம்புதான் அசையாது. அறிவு முழுசா இருக்கும். ஏதாவது பேசு, பாவம், பயந்து கிடப்பாரு."

கோரா அந்தத் திறந்த கண்களைப் பார்த்தாள். தைரியம் சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"மாமா, எனக்கு வியாழக்கிழமையே தெரியும். கண்ணால பாத்தேன். எழுதிக்கூட வெச்சிருந்தேன். சிரிப்பாங்களேன்னு படிக்கல. கரையிலயும் உங்ககிட்ட முழுசாச் சொல்லல. நான் வெக்கப்பட்டேன் மாமா, அதுக்காக நீங்க…" அவளால் முடிக்க முடியவில்லை. அழுதுகொண்டே ஐந்து எண்ணினாள்.

வாசலில் நின்ற வால்ட் இதைக் கேட்டார். உள்ளே வந்து, "கை வீங்கிப் போச்சு, நகரு" என்று பையை வாங்கிக்கொண்டார்.

அப்படி மாறி மாறி, மொத்தம் ஐந்து மணி நேரம் மூன்று பேர் ஒரு மனிதனுக்காக மூச்சு விட்டார்கள். மாலை நான்கு மணிக்கு எதிர்த்தீவின் மரங்கள் மங்கலாகத் தெரிந்தன. நாலரைக்கு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது.

டெல்பர்ட் மூன்று நாள் வென்டிலேட்டரில் கிடந்தார். நான்காம் நாள் குழாயை எடுத்ததும் அவர் கோராவுக்குப் போன் செய்தார். குரல் உரசியது.

"எல்லாம் கேட்டுச்சுடி. நீ எண்ணறதும் கேட்டுச்சு. ஒரு தடவை நாலுலயே நின்னுட்ட, உயிரே போயிடுச்சு எனக்கு." கொஞ்ச நேரம் அவருக்கு மூச்சு இரைத்தது. "கரையில உன் மூஞ்சி வெளுத்திருந்ததை நான் பாத்தேன். என்னன்னு கேட்டிருக்கணும். மட்டி ஆசையில கேலி பண்ணிட்டேன்."

கிரெட்சென்னும் கிழவரும் அடுத்த நாளே தேறிவிட்டார்கள். பொட்டலமும் ஒருவழியாக நகரம் போய்ச் சேர்ந்தது. அனுமதிக்கும் அளவைப்போல இருபது மடங்கு நஞ்சு என்று முடிவு வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கு ஊரில் எல்லா வீட்டிலும் வானொலி ஓடியது. கோரா சோதனை முடிவைப் படித்தாள். பிறகு தாளைக் கீழே வைத்தாள்.

"போன வருஷம் ஒரு செய்தியோட தலைப்பை மட்டும் படிச்சிட்டு ஊரைப் பயமுறுத்தினேன். அது தப்பு. போன வாரம் கண்ணால பாத்த ஆபத்தை, சிரிப்பாங்கன்னு பயந்து சொல்லாம விட்டேன். அது அதைவிடப் பெரிய தப்பு. தெரிஞ்சதைத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்லியிருந்தாப் போதும். 'இதைப் பாத்தேன், முடிவு இன்னும் வரல, அதுவரைக்கும் தின்னாதீங்க'ன்னு. அதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது."

வால்ட் விசைகளின் முன்னிருந்து எழுந்து வந்தார். ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"இந்தப் பொண்ணு வாயை மூடினது தானா இல்ல, நான் மூட வெச்சேன். ஒருத்தர் தப்பாச் சொன்னாத் திருத்துங்க, இன்னும் நல்லாப் படிச்சிட்டு வான்னு சொல்லுங்க. கேலி பண்ணி வாயை அடைச்சா, நிஜமா ஆபத்து வர்ற அன்னிக்கும் அந்த வாய் திறக்காது. சாவு நம்ம பேத்தி தட்டுல வந்து உக்காரும்." ஒலிவாங்கியைத் திருப்பித் தந்துவிட்டு நகர்ந்தார்.

தொலைபேசி அடித்தது. ஏதோ வீட்டுப் பெண்மணி ஒருத்தி.

"கோரா, அப்போ எப்பத்தான் மட்டி தின்னலாம்?"

"எனக்குத் தெரியாது" என்றாள் கோரா. "சில ஜாதி மட்டியில ரெண்டு வருஷம் வரைக்கும்கூட விஷம் தங்குமாம். வாரா வாரம் சோதிக்கணும். ஆளும் படகும் வேணும்."

மறுமுனையில் அந்தப் பெண்மணி வீட்டில் யாரையோ கூப்பிட்டு ஏதோ கேட்டாள்.

"எங்க படகு சும்மாதான் கிடக்குது. வியாழக்கிழமை காலைல துறைக்கு வந்துடறேன். வாளி எடுத்துட்டு வரணுமா?"