மாற்று ஆள்

இறந்துபோய்க் கட்டிலில் கிடந்த அப்பாவின் தலைமுடியைச் சீவிக்கொண்டிருந்த மூத்த மகள் சட்டென்று கையை நிறுத்தினாள். வாசலோரம் கிடந்த அப்பாவின் நாற்காலியில் யாரோ ஒரு கிழவர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து வந்த நாள் முதல் அப்பா ராத்திரி முழுக்க அதில்தான் விழித்திருப்பார். "உங்கப்பா போன ஜென்மத்துல ஆந்தை" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

"யாருடா அது?" என்று தம்பியைக் கேட்டாள்.

"தெரியலக்கா. நீ சொல்லி அனுப்பின ஆளுன்னு நினைச்சேன்."

கூட்டத்தோடு கூட்டமாக இழவு வீட்டில் நுழைந்து கைவரிசை காட்டுகிறவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். வீட்டுச் சாவி இடுப்பில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கிழவர் அழவில்லை. அம்மாவிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்ப்பதும், வாசலையும் ஜன்னலையும் நோட்டம் விடுவதுமாக இருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெண்கள் அம்மாவை உள்ளே அழைத்துப் போனதும் கிழவர் எழுந்து வந்து அப்பாவின் காதருகே குனிந்தார். அவள் இடத்தைவிட்டு நகரவில்லை.

"டேய் தூங்குமூஞ்சி, நான் வந்துட்டேன்டா" என்றார் கிழவர்.

"யாரைச் சொல்றீங்க? எங்கப்பா ராத்திரி கண்ணை மூடி நான் பாத்ததே இல்ல. வீடு மாறி வந்துட்டீங்க. கிளம்புங்க."

கிழவர் நிமிர்ந்தார். "மூடினதே இல்லையா?"

"இல்ல."

அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சண்டையப்போ ஒரு ராத்திரி, காவலுக்கு நின்ன உங்கப்பனை நான் போய் மாத்தியிருக்கணும்மா. நல்ல குளிரு. இன்னும் கொஞ்ச நேரம்னு போர்வைக்குள்ளயே கிடந்தேன். என் முறைக்கும் சேத்து அவனே நின்னான். விடியப்போற நேரத்துல அசந்துட்டான். எதிரிங்க உள்ள பூந்துட்டாங்க. எங்க ஆளுங்க மூணு பேரு போயிட்டாங்க."

"அப்புறம்?"

"விசாரணையில, 'நான்தான் தூங்கிட்டேன்'னு அவனே சொன்னான். மாத்த வேண்டியவன் வரலைன்னு சொல்லவே இல்ல. அதுக்கப்புறம் எல்லாரும் அவனைத் தூங்குமூஞ்சின்னாங்க." குரல் தேய்ந்தது. "நானும்தான்."

அவரை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது அவளுக்கு. "உயிரோட இருக்கும்போது வர்றதுக்கென்ன?"

"முகத்தைப் பாக்கத் துணிச்சல் வரலம்மா."

தெருவில் வண்டி ஹாரன் அடித்தது. நாலு பேர் வந்து அப்பாவைத் தூக்கினார்கள். அம்மாவும் வண்டியில் ஏறிவிட்டாள். "வீட்டைப் பாத்துக்க ஒருத்தர் வேணுமேக்கா" என்றான் தம்பி.

"நான் இருக்கேன்" என்றார் கிழவர்.

தம்பி அவள் கையைக் கிள்ளினான். அவள் கிழவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நாங்க வர நேரமாகும்."

"ஆகட்டும்மா."

வண்டி தெருமுனையில் திரும்பும்போது அவள் எட்டிப் பார்த்தாள். வாசலில் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் கிழவர் நின்றுகொண்டிருந்தார்.