ஒன்பதரை மில்லிமீட்டர் பின்

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்புப் பின்னை இரண்டு கடல் தாண்டி வரவழைத்தேன். அதே பின் எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்தது. தெரிந்தேதான் செய்தேன்.

சைக்கிள் என் மனைவியுடையது. பழைய மாடல். பெடலைத் தாங்கி நிற்கும் இரும்புக் கைக்குக் கிராங்க் என்று பெயர். அதை நடு அச்சோடு இறுக்கிப் பிடித்திருப்பது இந்தப் பின்தான். இப்போது வரும் சைக்கிள்களில் இது கிடையாது.

அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலை ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். உறவினர்களுக்கு மாமனார் போன் செய்தார். என் அலுவலகத்துக்கும் அவரே சொன்னார். வங்கிப் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டேன். இப்படி, அந்த வாக்கியத்தை என் வாயால் ஒருமுறைகூடச் சொல்லாமல் நான்கு மாதத்தை ஓட்டிவிட்டேன்.

சைக்கிள் கடைக்காரருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கு எங்கள் வீடு தெரியாது. அவளைத் தெரியும், அவளோடு போகும் என்னை முகம் தெரியும். நான் தனியாகப் போய் நின்றால், "கண்ணாடி வரலையா?" என்று கேட்பார்.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் பொருத்துவது அவள் வேலை. கடைக்காரரின் மூக்குக்கண்ணாடியும் அவள் பொருத்தியதுதான். அதனால் அவருக்கு அவள் 'கண்ணாடி'. அவளுக்கு அவர் 'பழசு'. என்ன சாமான் கேட்டாலும் "பழசைக் காட்டு" என்பார். பழசைப் பார்க்காமல் புதுசு கொடுக்கமாட்டார். பெல் வாங்கப் போன ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"பழைய பெல்லு தொலைஞ்சு போச்சுன்னு அந்த ஆளு சொல்றாரு. அப்போ தேடி எடுத்துட்டு வாங்கன்னுட்டாரு பழசு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட முடியாமல் சிரித்தாள் ஒருநாள்.

ஆன்லைன் மேல் பழசைப் போலவே அவளுக்கும் கோபம் உண்டு. ஆன்லைனில் கண்ணாடி வாங்கிவிட்டு, மூக்கில் நிற்கவில்லை, கொஞ்சம் வளைத்துக் கொடுங்கள் என்று அவளிடம் வருவார்கள். வளைத்துக் கொடுப்பாள். வீட்டுக்கு வந்து திட்டுவாள். அதே வாரம் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளத்தில் தோல் சீட்டு ஆர்டர் போட்டாள்.

"இது மட்டும் நியாயமா?" என்றேன்.

"இந்த சீட்டு பழசுகிட்ட இல்லையே. இருக்கிறதை அவர்கிட்ட வாங்குறேன், இல்லாததை அவங்ககிட்ட வாங்குறேன். இதுக்குப் போய் பஞ்சாயத்து வைக்கிறீங்க."

அவளுடைய கொள்கை அவ்வளவுதான். நான் அவரிடம் இருப்பதையே வெளியே வாங்கினேன்.

மச்சினிக்கு வேலை கிடைத்தபோது ஆரம்பித்தது இது. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், ஆய்வகத்தில். காலை ஆறு மணி ஷிஃப்ட். முதல் பஸ் ஆறே முக்காலுக்குத்தான்.

"அக்கா சைக்கிளை எடுத்துக்கட்டுமா அத்தான்?" என்று கேட்டாள். கேட்பதற்கு எத்தனை நாள் தயங்கினாளோ, தெரியாது. எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துத் திரும்பி வந்தாள். இடது பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று தட்டியது.

"கடையில குடுத்துடலாமா?"

"வேண்டாம். நானே பாத்துக்கிறேன்."

அப்போது அவள் வேலையில் சேர இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

நான் இயந்திரவியல் படித்தவன். ஒரு லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்பு அட்டவணை போடுகிறேன். வீட்டில் வெர்னியர் காலிப்பர் இருக்கிறது. பின்னைத் தட்டிக் கழற்றி அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர். மறுபடி அளந்தேன். ஒன்பதுதான். தளத்தில் ஒன்பது இருந்தது. ஆர்டர் போட்டேன். பழைய பின்னைக் குப்பையில் போட்டேன்.

அந்தத் தளத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் பின், எத்தனை, எந்த முகவரி. மூன்றே கேள்விகள். கூட யாரும் வரவில்லையா என்று அது கேட்காது. அனுப்பும் செலவு பின்னின் விலையைப் போல ஐந்து மடங்கு. அது எனக்கு அதிகமாகப் படவில்லை.

ஐந்து வாரம் ஆனது. மச்சினி வரும்போதெல்லாம் கேட்டாள்.

"பின்னு கப்பல்ல வருதா அத்தான், இல்ல நீந்தி வருதா?"

வந்தது. ஓட்டையில் வைத்தேன். மறுபக்கம் வழியாகத் தரையில் விழுந்தது. கிராங்கின் ஓட்டையை அளந்தேன். ஒன்பதரை. பின்னின் ஒரு பக்கத்தைத் தட்டையாக ராவியிருப்பார்கள். நான் அந்தத் தட்டையின் குறுக்கே அளந்திருக்கிறேன். முதலாமாண்டு மாணவன்கூட அப்படி அளக்கமாட்டான்.

அடுத்தது ஒன்பதரை. மூன்று வாரத்தில் வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஜோடி. மச்சினி திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும். இந்த முறை பின் பாதிவரை போய் நின்றது. சுத்தியலால் தட்டினேன். கொஞ்சம் போனது. ஓங்கி அடித்தேன். மரை இருக்கும் முனை வளைந்துகொண்டது. நட்டு ஏறவில்லை. பின் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

போனில் தளத்தின் செய்தி வந்தது. உங்கள் பொருள் எப்படி இருக்கிறது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? ஐந்து போட்டேன். பின் மேல் குற்றமில்லை.

சனிக்கிழமை காலை மச்சினி வந்து பார்த்தாள். குனிந்து, கிராங்கைத் தொட்டு, நிமிர்ந்தாள்.

"நாளை மறுநாள் அத்தான்."

"தெரியும்."

"முதல் நாளே லேட்டா போய் நின்னா நல்லா இருக்காது. நான் அந்தக் கடைக்குக் கொண்டு போறேன். அக்கா போகுமே, அந்தக் கடை."

ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். இவள் போனால் அவர் இவளிடம் கேட்பார். இவள் சொல்லவேண்டியிருக்கும். இவளுக்கு அவள் அக்கா.

"விடு. நான் போறேன்," என்றேன்.

கடைக்கு ஒரு ஷட்டர் அகலம். மேலே கொக்கிகளில் டயர்கள். தரையில் ஒரு வைஸ், பிஸ்கட் டின்கள், கிரீஸ் பிடித்த கோணி. பக்கத்தில் ஒரு மேசை அளவு இடத்தில் சாவி வெட்டுபவர் இருக்கிறார். அவருடைய மெஷின் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

கடைக்காரர் முதலில் சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு எனக்குப் பின்னால்.

"கண்ணாடி வரலையா?"

"வரல."

"வராது. எம்மேல கோவமாத்தான் இருக்கும்." அவ்வளவுதான். அவர் பார்வை கிராங்குக்குப் போய்விட்டது. "இதை யாரு அடிச்சது?"

"நான்தான்."

"சுத்தியலாலயா, உலக்கையாலயா?"

சாவிக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பழசைக் காட்டுங்க," என்றார் கடைக்காரர்.

"குப்பையில போட்டுட்டேன்."

"போச்சு," என்றார் சாவிக்காரர். "குப்பை லாரி இப்பதான் போகுது சார். ஓடுங்க, பிடிச்சிடலாம்."

பொட்டலத்தை நீட்டினேன். அதில் இன்னொரு பின் இருந்தது. கடைக்காரர் உறையின் மேல் இருந்த முகவரியைக் கண்ணாடிக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"இம்புட்டு தூரத்துலேருந்தா? இதுக்கு டிக்கெட் எடுத்து நானே போய் வாங்கியாந்திருப்பேனே." பின்னை எடுத்து நகத்தால் சுண்டினார். காதில் வைத்துக் கேட்டார். "ஆனா நல்ல இரும்பு. பொய் சொல்லக்கூடாது. நம்மகிட்ட இருக்கிறது இந்த அளவு வராது."

"அப்புறம் ஏன் உள்ள போகல?"

"ராவாம எப்படிப் போகும்? ஓட்டை ஒரு அளவு, அச்சுல இருக்கிற வெட்டு ஒரு அளவு. ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேற. கொஞ்சம் ராவணும், போட்டுப் பாக்கணும், எடுத்து மறுபடி ராவணும். அது தெரியாம அடிச்சா பாவம், அது என்ன பண்ணும்?"

என்னுடைய வளைந்த பின்னை மூன்றே அடியில் வெளியே எடுத்தார். புதியதை வைஸில் பிடித்து அரத்தை எடுத்தார். ஆறு இழுப்பு. போட்டுப் பார்த்தார். நான்கு இழுப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு. பின் உள்ளே போனது. லேசாக இரண்டு தட்டு. நட்டு ஏறியது. பெடலைச் சுற்றிவிட்டார். சத்தம் இல்லை.

பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். கேட்டார், "வரல" என்றேன், முடிந்துவிட்டது. இதற்காகவா எட்டு வாரம் என்று நினைத்தேன். கிளம்பிவிடலாம் என்றும் நினைத்தேன்.

அவர் துணியால் சட்டத்தைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். சீட்டில் கை நின்றது.

"சீட்டை யாரு ஏத்துனது? கண்ணாடிக்கு இந்த உசரத்துல கால் எட்டாதே." ஸ்பேனரை எடுத்து போல்ட்டில் மாட்டினார். "இதோ, நான் போட்ட கோடு இருக்கு பாருங்க."

"வேண்டாண்ணே. அப்படியே இருக்கட்டும்."

"எதுக்கு? முழங்கால் போயிடும்."

"வேற ஆளு ஓட்டப் போறாங்க."

"யாரு?"

"அவ தங்கச்சி."

"அப்போ கண்ணாடி வேலைக்கு எதுல போகும்?"

யோசிக்க ஒன்றுமில்லை. கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"அவ இறந்துட்டாண்ணே," என்றேன். "நாலு மாசம் ஆச்சு."

என் குரல் யாரோ விலாசம் சொல்வதுபோல் இருந்தது. சாவிக்காரர் மெஷினை மறுபடி போடவில்லை. கடைக்காரரின் கை ஸ்பேனரிலேயே இருந்தது.

"சைக்கிள்லயா?" என்றார்.

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். மாமனார் போன் செய்தபோதெல்லாம் எதிர்முனையில் இதைத்தான் கேட்டார்கள். இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். கதையாக ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. இடது கிராங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது பின்னு நான் போட்டது," என்றார். "புதுப் பின்னு போட்டா ஒரு வாரத்துல நட்டு தளர்ந்துக்கும். ஒரு வாரம் ஓட்டிட்டு வா, டைட் பண்ணித் தரேன்னு சொன்னேன். வரல. சரி, கண்ணாடியும் ஆன்லைன் பக்கம் போயிடுச்சுன்னு நெனச்சேன். இவர்கிட்டகூடச் சொல்லித் திட்டினேன். அது காதுக்குப் போயித்தான் கோவிச்சுக்கிச்சுன்னு இருந்தேன்." சாவிக்காரர் தலையாட்டினார். "அது கழண்டுச்சா? மறைக்காம சொல்லுங்க தம்பி. ரோட்டுல வச்சுக் கழண்டுச்சா?"

"இல்லண்ணே. சைக்கிள் இல்ல. காய்ச்சல். ஆஸ்பத்திரியில. சைக்கிள் வீட்டுலதான் நின்னுச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சட்டையில் இருந்த கிரீஸ் லென்ஸில் அப்பிக்கொண்டது. அதையே மறுபடி போட்டுக்கொண்டார்.

நான் வராமலே இருந்திருந்தால், யாராவது ஒருநாள் இவரிடம் பாதியைச் சொல்லியிருப்பார்கள். சைக்கிளில் வருமே அந்தப் பொண்ணு, போய்விட்டதாம். மீதியை இவரே நிரப்பிக்கொண்டிருப்பார். இடது பின் என்று. நான் எட்டு வாரமாகப் பார்சலுக்குக் காத்திருந்தபோது இது எனக்குத் தோன்றவே இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்வதாக மட்டும்தான் நினைத்திருந்தேன்.

"என்ன காய்ச்சல்?" என்றார்.

சொன்னேன். முதல் நாள் அவள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனது. இரண்டாம் நாள் நான் மெத்தனமாக இருந்தது. மூன்றாம் நாள் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. நான்காம் நாள் முழுக்க அவள் என்னை அடையாளம் கண்டுகொள்ளாதது. இதையெல்லாம் யாரிடமும் இந்த வரிசையில் சொன்னதில்லை. நடுவில் ஒருவர் டியூப் வாங்க வந்தார். கடைக்காரர் கையை மட்டும் அசைத்தார். அவர் போய்விட்டார். சாவிக்காரர் தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்து மீதியைச் சொன்னேன்.

பிறகு கடைக்காரர் எழுந்தார்.

"தங்கச்சி எவ்வளவு உசரம்?"

"என் காது வரைக்கும் வருவா."

சீட்டை இன்னும் ஒரு விரல் ஏற்றி இறுக்கினார். கூலி கேட்டார். கொடுத்தேன்.

"ஒரு வாரம் ஓட்டிட்டுக் கொண்டு வரணும். இதுலயும் நட்டு தளரும். வெளிநாட்டுப் பின்னானாலும் தளரும். இந்தத் தடவையாவது மறக்காதீங்க."

"சரிண்ணே."

மச்சினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு பின்னு போட ரெண்டு மணி நேரமா அத்தான்?"

"அவர்கிட்ட சொல்லிட்டேன்."

எதை என்று கேட்க வாய் எடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சைக்கிளை வாங்கித் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். சத்தம் இல்லை.

"அடுத்த சனிக்கிழமை டைட் பண்ணக் கொண்டு போகணும்," என்றேன்.

"ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வழிதானே. நானே குடுத்துட்டு வந்துடறேன்."

"இல்ல," என்றேன். "நான் கொண்டு போறேன்."